கூடவே வழி தவறியவர்கள்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், ட்ரெமே பேட்டையில் இருக்கும் மதுக்கடை அது. ஞாயிறு மதியக் கச்சேரிக்கு மேடை ஏறும்போதே வெர்லீனுக்கு முட்டி வலித்தது. பாதி ஆயுளைப் பியானோவோடு கழித்தவள். இளமையில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டாள். அதில் ஒரு பாட்டின் நடுவே அவள் தனியாக வாசித்த துண்டு எல்லோருக்கும் பிடித்துப்போனது. பிடித்துத் தொலைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். மனதில் வந்ததை வந்தபடி வாசிக்கிற சங்கீதம் ஜாஸ். வருகிறவர்களோ இசைத்தட்டில் இருப்பதையே, பிசகாமல் கேட்டார்கள். பிழைப்புக்காக அவளும் அதையே வாசித்து வாசித்து அலுத்துப்போனாள்.

"இன்னியோட சரிடா. மக வீட்டுல போய்க் கிடக்கப் போறேன்," என்றாள் டிரம்ஸ் வாசிக்கும் ஆல்சீடிடம்.

கம்போக் குழம்பை வழித்துத் தின்றுகொண்டிருந்தவன் நிமிரவில்லை. "போன வருஷமும் இதேதான் சொன்ன. இதுவும் மனப்பாடமாக்கா?"

"வாயக் கழுவுடா, கடன்காரா."

பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கும் பெரியவர் கிளியோத்தா சிரிக்கவில்லை. வீட்டுப் பியானோவை அவள் விற்றுவிட்டது அவருக்குத் தெரியும்.

கச்சேரியில் அந்த இசைத்தட்டுப் பாட்டு வந்தது. அதில் முதல் பகுதியை இரண்டு முறை வாசித்த பிறகே நடுப்பகுதிக்குப் போக வேண்டும். அலுப்பில் அவள் ஒரே முறையோடு உள்ளே நுழைந்துவிட்டாள். அடக் கடவுளே! பதறிப்போய் முதல் பகுதிக்கே திரும்பினாள். ஆனால் இந்தக் கூட்டத்தில் ஒருத்தர் வழி தவறினால் மற்றவர்கள் இழுத்துப் பிடிப்பதில்லை, கூடவே தவறிப்போவார்கள். அவள் திரும்பிய நேரம் அவர்கள் நடுப்பகுதியில் இருந்தார்கள். அவள் அங்கே ஓட, அவர்கள் இங்கே வந்துவிட்டார்கள். மனப்பாடம் சுக்குநூறானது. எதையாவது வாசித்தாக வேண்டுமே!

இடது கை எதையோ தட்டியது. வலது கை அதற்குப் பதில் சொன்னது. ஆல்சீட் அதைப் பிடித்து டிரம்ஸில் திருப்பி அடித்தான். விரல் அடுத்து எங்கே போகுமென்று அவளுக்கே தெரியவில்லை. எத்தனை காலமாயிற்று, இப்படித் தெரியாமல் போய்! சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தாள்.

"எங்கக்கா போற?" என்று கத்தினான் ஆல்சீட்.

"கேள்வி கேக்காத, பின்னாலயே வா!"

முடிந்தபோது வியர்த்துக் கொட்டியது, எழுந்திருக்கத் தெம்பில்லை. முன் மேசையில் உட்கார்ந்து கேட்டவர் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

"தட்டுல இருக்கற மாதிரி இல்லையேம்மா. இதுக்குன்னே அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தோம்."

"அடுத்த ஞாயித்துக்கிழம வாங்க."

"அப்ப அதையே வாசிப்பீங்களா?"

"என்ன வாசிப்பேன்னு இப்பவே எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் வெர்லீன்.