புக்ரா என்றால் நாளை

பிரிக்ஃபீல்ட்ஸில் நானும் என் அண்ணியும் ஒரு தையல் கடை வைத்திருக்கிறோம். தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து கடை திறப்போம். சேலை ரவிக்கைகள்தான் எங்கள் பிழைப்பு. போன வருஷம் கடைக்குப் பக்கத்து அடுக்குமாடிக்கு ஏமன் நாட்டுக் குடும்பம் ஒன்று குடிவந்தது. அந்த வீட்டு அம்மா ஒரு சாயங்காலம் நீளமான பச்சை கவுன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகளுக்கு ஊரிலிருந்து வந்ததாம். இடுப்பைத் தளர்த்தி, கைக்கு நீளம் கொடுக்க வேண்டும். அவருக்குக் கொஞ்சம் மலாய் தெரியும். எங்களுக்கு அரபு சுத்தமாகத் தெரியாது.

விவரமெல்லாம் கைஜாடையிலேயே முடிந்தது. கிளம்பும்போது கதவருகில் நின்று "புக்ரா?" என்றார். மலாயில் புக்கா என்றால் திறந்திருப்பது. நாளைக்கும் கடை உண்டா என்று கேட்கிறார் என நினைத்து, "புக்கா, புக்கா" என்று நான் உற்சாகமாகத் தலையாட்டினேன். மலர்ந்த முகத்தோடு போனார்.

மறுநாள் காலை மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கவுன் பையைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை. மகள் நல்ல ஆங்கிலம் பேசினாள். புக்ரா என்றால் அரபியில் நாளை என்றும், அன்று மாலை தனக்கு நிச்சயதார்த்தம் என்றும் நிதானமாகச் சொன்னாள். நான் அவசரமாகப் பையைத் திறந்து கவுனை வெளியே எடுத்தேன். அண்ணி நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

"உட்காரச் சொல்லு லா. மத்த வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இதை முடிச்சுக் கொடுத்திடுவோம்."

நான் இடுப்பைப் பிரித்தேன், அண்ணி கவுனின் கைப்பகுதியை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்து அந்த அம்மா "சாஆ?" என்று கேட்டார். மலாயில் சாஆட் என்றால் ஒரு நொடி.

"என்ன, ஒரு செகண்ட்ல முடிக்கணுமாமா?" என்றார் அண்ணி, தலை நிமிராமல்.

மகள் சிரித்துவிட்டாள். அரபியில் அது ஒரு மணி நேரமாம். பிறகு அவளே எங்களுக்கு வாத்தியாரானாள். நிமிடம் தகீகா, இன்று அல்யவ்ம், நேற்று அம்ஸ். கிழமைகளுக்கு வந்தபோதுதான் வேடிக்கை. அஹத், கமீஸ், ஜும்ஆ, சப்த் என்று அவள் சொல்லச் சொல்ல, மலாய்க் கிழமைகள் அஹாட், காமிஸ், ஜுமாட், சப்து என்று நாங்கள் எதிரே அடுக்கினோம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அரபு பேசிக்கொண்டிருக்கிறோமே என்று அண்ணிக்கு ஒரே பெருமை. அந்த அம்மா கைதட்டி ரசித்தார்.

மத்தியானம் தாண்டி கவுன் தயாரானது. போட்டுப் பார்த்தாள். கை மணிக்கட்டுவரை வந்து அழகாக நின்றது. எங்களையும் கட்டாயம் வர வேண்டும் என்று அழைத்தார்கள்.

கடையைச் சாத்திவிட்டு மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டு போனோம். வீடு நிறையப் பெண்கள். அந்த அம்மா எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் நீளமாக ஏதோ பேசினார். ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. எல்லோரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். அதற்குள் ஆட்டுக்கறி சோறு வந்துவிட்டது. அண்ணி மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.