திரும்பி வராத மெஷின்கள்

கம்பெனியில் எல்லோருக்கும் அவர் டாக்டர். பழைய வாஷிங் மெஷினைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் கிழடுகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியம். பிழைத்து எழுந்தவை வசதியில்லாத வீடுகளுக்கு இலவசமாகப் போகும் என்று சொல்லித்தான் அவரைப் பட்டறையில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டு, திருப்தியானபின் மேல்மூடியின் உட்புறம் மார்க்கரால் ஒரு வரி எழுதுவார். ‘பெல்ட் புதுசு.’ ‘பம்ப் மாற்றியது, வயர் பத்திரம்.’ நாளைக்கே கோளாறாகித் திரும்பி வந்தால், திறக்கிறவர் தேடித் தவிக்கக்கூடாது பாருங்கள்.

மூன்று வருடத்தில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அவருக்கிருந்த ஒரே கர்வம் அதுதான். எத்தனை வீட்டில் தன் கைவேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாலே உச்சி குளிர்ந்துவிடும். சாயந்திரம் படியேறும்போதே மனைவி வம்புக்கு இழுப்பாள்.

“இன்னைக்காவது ஏதாவது திரும்பி வந்துச்சா?”

“என் கை பட்டது திரும்பி வருமா?”

“ஆமா, நம்ம வீட்டு மெஷின் மட்டும் மாசாமாசம் படுத்துக்கும்.”

கம்பெனி வருடாவருடம் ஓர் அறிக்கை போடும். ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்று அட்டையிலேயே கொட்டை எழுத்தில் இருக்கும். எதையும் குப்பையாக்காமல் மறுபடி மறுபடி பயன்படுத்துவதாம். அதை எழுதும் பெண்ணுக்கு அவர் ‘அண்ணே’. பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பாள். வீட்டுக்கு வந்து அவர் மனைவி கையால் சாப்பிட்டுமிருக்கிறாள். இந்த வருடம் முழுப் பக்கத்துக்கு அவர் படத்தைப் போட்டு, ‘மூவாயிரம் மெஷின்கள் மறுபயன்பாட்டில்’ என்று எழுதியிருந்தாள். மனைவி அந்தப் பக்கத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் வீட்டு மெஷின் மறுபடி படுத்தது. பழைய மோட்டார் ஒன்று தேடி, ஊருக்கு வெளியே இருந்த பழைய இரும்புக் கடைக்குப் போனார். பின்பக்கம் வாஷிங் மெஷின்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் சம்மட்டி அடி. ஒரு மூடியைத் திருப்பினார். ‘பெல்ட் புதுசு.’ அவருடைய கையெழுத்து. தூக்கிவாரிப் போட்டது. அடுத்ததைத் திருப்பினார், அதற்கடுத்ததையும். எல்லாம் அவர் பிழைக்க வைத்தவை.

“கம்பெனி லாரியே வாரத்துக்கு ரெண்டு தடவை கொண்டாந்து கொட்டும் சார்,” என்றார் கடைக்காரர். “ஓடக் கூடாது, இடிச்சிடணும்னு ஆர்டர். ஓடுற பழசு சும்மா கிடைச்சா, புதுசை எவன் வாங்குவான்?”

கைராசியாம், மண்ணாங்கட்டி. திரும்பி வருவதற்கு எதையாவது விட்டு வைத்தால்தானே!

நேரே அந்தப் பெண்ணிடம் போனார். சொன்னதைக் கேட்டு அவள் ஆச்சரியப்படவில்லை.

“சரி பண்ணி கேட்டைத் தாண்டிட்டாலே மறுபயன்பாடுன்னு எடுத்துக்கலாம்ணே. நாங்க எழுதற முறை அப்படி.”

“இடிக்கறாங்கன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

அவள் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மொத வருஷமே.”

“எங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டியே, அப்பவும் தெரியுமா?”

கம்பெனி ஏமாற்றியது ஒருநாள் ஆறிவிடும். கம்பெனி என்றைக்கு யாருக்கு உறவு? அண்ணே அண்ணே என்று பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பெருமையடித்ததையெல்லாம் தலையாட்டிக் கேட்டு எழுதிக்கொண்டாளே, அதுதான் நெஞ்சை அறுத்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது வேறென்ன?

சாயந்திரம் படியேறினார்.

“இன்னைக்காவது ஏதாவது திரும்பி வந்துச்சா?”

கக்கத்தில் இடுக்கியிருந்த மூடியை எடுத்து மேசையில் வைத்தார். “வந்துச்சு.”

மனைவி கைகொட்டிச் சிரித்தாள். “அப்பாடா, ஒருவழியா! என்ன கோளாறாம்?”

“ஒரு கோளாறும் இல்ல,” என்றார். “நல்லா ஓடிட்டிருந்துச்சு.”