ஆளில்லாத டோக்கன்

மதினி வேலையை விடப்போவதாகப் போனில் சொன்னபோது நான் ராஜபாளையத்தில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து, வேறு எவனோ எழுதிப் போட்டுவிட்டுப் போன ஒரு ஆப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் வேலையை விடப்போவதும் அந்த ஆப்பினால்தான்.

மதினி என் அண்ணன் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் வீடு. நடக்கிற தூரத்தில் குழந்தைகள் டாக்டர் ஒருவரின் கிளினிக். அங்கே வாசல் மேசையில் வேலை. கல்யாணமான புதிதில் சேர்ந்தவள், இன்றைக்கும் அதே மேசை. அந்தக் கிளினிக்குக்கு டோக்கன் கொடுக்கும் ஆப்பை எழுதியவர் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போய்விட்டார். நாத்தனார் கம்ப்யூட்டர் வேலைதானே பார்க்கிறாள் என்று டாக்டர் மதினியிடம் சொல்ல, ஆப் என் தலையில் விழுந்தது.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய்மார் வீட்டிலிருந்தே போனில் டோக்கன் கேட்டு அமுக்குவார்கள். ஒரு எண் வரும். மேசையில் இருக்கும் மதினியின் போனில் ‘டிங்’ என்று மணி அடிக்கும். அன்றைய டோக்கன் தீர்ந்துவிட்டால் ‘நாளை வரவும்’ என்று காட்டும். இதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை அந்தச் சனியனுக்கு. கொஞ்ச நாளாகச் சில பிள்ளைகளின் பெயரில் இரண்டு டோக்கன் விழுந்தது. முதல் எண்ணைக் கூப்பிட்டதும் பிள்ளை உள்ளே போய்விடும். அதே பெயர் மறுபடி வரும்போது அது ஊசி போட்டு வீட்டுக்கே போயிருக்கும். ஆள் இல்லாத டோக்கன் காலியாகக் கிடக்கும்.

அந்த நேரம் பார்த்து டோக்கன் கிடைக்காத யாராவது ஒரு தாய், அனலாகக் கொதிக்கிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். மதினிக்கு மனசு கேட்காது. காலி இடத்தில் அவளை உள்ளே அனுப்பிவிடுவாள். ‘நாளை வரவும்’ என்ற பதிலை வாங்கி வயிறெரிந்த ஒருவர் இதைக் கவனித்திருக்கிறார். ஒரு பெயரில் இரண்டு டோக்கன் போட்டு, ஒன்றைத் தனக்கு வேண்டியவர்களுக்கு ஒளித்து வைக்கிறாள் இந்தப் பொம்பளை என்று ஹால் நிறைய ஆள் இருக்கும்போதே டாக்டரிடம் கத்திவிட்டார். டாக்டர் டோக்கன் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அப்படியேதான் இருந்தது. ஒரு பெயர், இரண்டு எண், இரண்டாவது எண்ணில் வேறு பிள்ளை. அவர் சத்தம் போடவில்லை. சனிக்கிழமைக்குள் இது எப்படி நடக்கிறது என்று காட்டு, இல்லையென்றால் வேலையை விட்டு நின்றுகொள் என்றாராம்.

“தெருவுல தலை காட்ட முடியலட்டி. கோயிலுக்குப் போனாக்கூட ஒரு மாதிரி பாக்காவ” என்றாள் போனில். “அவிய வேண்டாம்னு சொல்றதுக்கு முந்தி நானே நின்னுருதேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த வீட்டுக் குழம்பில் உப்பு அதிகமானால்கூட நான்தான் காரணமோ என்று வருத்தப்படுகிற பிறவி அவள். அவளையா டோக்கனை ஒளித்தாள் என்று சொல்வது? சனிக்கிழமை வரை வாயைத் திறக்காமல் இருங்கள் மதினி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீரமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் பயம் வந்தது.

பிள்ளை அழுகிற பதற்றத்தில் இரண்டு தடவை அமுக்குகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு தடவை அமுக்கினால் பொத்தான் செத்துவிடுகிற மாதிரி மாற்றினேன். மறுநாளும் இரட்டைதான். ஆப்பைத் திறந்து மூடினேன், மூடித் திறந்தேன். என் போன், மாமியார் போன், பக்கத்து வீட்டு அக்கா போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்து அமுக்கினேன். ராஜபாளையத்தில் எல்லாம் உத்தமமாக நடந்தது. ஒரு அமுக்கு, ஒரு டோக்கன். என் முன்னால் மட்டும் நல்ல பிள்ளையாக நடித்தது. சர்வரில் பார்த்தாலோ, கேள்வி இரண்டு தடவை வந்திருக்கிறது, பதில் இரண்டு தடவை போயிருக்கிறது. சம்பந்தப்பட்ட தாய்மாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒரே தடவைதான் தொட்டோம் என்று பிள்ளை மேல் சத்தியம் செய்தார்கள்.

கடைசியில் இரட்டை விழுந்த பெயர்களை மட்டும் தனியாக எடுத்து, எந்த ஊர் என்று பார்த்தேன். பஜாரில் ஒருவர்கூட இல்லை. எல்லாம் செண்பகத்தோப்புப் பக்கம், மலையடிவாரம். அட, இது முன்னாலேயே தோன்றியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளினிக் சாத்தியதும் மதினியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மாந்தோப்புக்குள் ஒரு வீடு. போன வாரம் இரட்டை டோக்கன் விழுந்த பிள்ளையின் அம்மா அங்கே இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மதினியை விட அவளுக்குத்தான் ஆத்திரம். எந்த நாக்கு அப்படிச் சொன்னது என்று கேட்டு, திட்டிக்கொண்டே எங்களுக்கு மோர் கொண்டுவந்தாள். நீங்கள் வழக்கமாக எப்படி டோக்கன் போடுவீர்களோ அப்படியே ஒன்று போடுங்கள் என்றேன்.

வீட்டு வாசலில் நின்று அமுக்கினாள். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது. அவள் கட்டைவிரல் திரையை மேலிருந்து கீழே இழுத்து, விமானப் படத்தைத் தொட்டது. மதினியின் பைக்குள் ‘டிங்’. மதினியின் சிம் வேறு கம்பெனி, அதில் கொஞ்சம் சிக்னல் இருந்தது. அந்தப் பெண் மறுபடி விமானத்தைத் தொட்டு எடுத்தாள். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். டவர் வந்தது. பைக்குள் இன்னொரு ‘டிங்’.

இப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லையே என்றாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. விரலைக் காட்டிக் கேட்ட பிறகுதான் சிரித்தாள்.

“ஏரோப்ளேனப் போட்டு எடுத்தேன். இந்தப் பக்கம் அம்புட்டு பேரும் அப்படித்தான் செய்வோம். இல்லாட்டி வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கும், டவர் வராது.”

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. மலையோரத்தில் பதில் வரத் தாமதமாகும். அது வருவதற்குள் இவர்கள் விமானத்தைப் போட்டு இணைப்பை அறுத்துவிடுகிறார்கள். கேள்வி அதற்குள் போய்ச் சேர்ந்து, டோக்கனும் விழுந்திருக்கும். பதில் மட்டும் வந்து சேராது. டவர் திரும்பி வந்ததும், பதிலைக் காணோமே என்று ஆப் தானாகவே மறுபடி கேட்கிறது. சர்வர் அதைப் புதுக் கேள்வி என்று எண்ணி இன்னொரு டோக்கன் கொடுக்கிறது. போனில் தெரிவது ஒன்றுதான். மற்றது யாருக்கும் தெரியாமல் கிளினிக்கில் கிடக்கிறது. வீட்டு வைஃபையில் உட்கார்ந்திருக்கிற நான் ஆயுசு முழுக்க அமுக்கினாலும் இது எனக்கு நடந்திருக்காது.

மதினி போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு எண்ணையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. தோப்புக்காரப் பெண் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள்.

சரிசெய்வது பெரிய வேலையாக இல்லை. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவரை யாராவது மறுபடி சாப்பிடக் கூப்பிட்டால், அவருக்காக இன்னொரு இலை போடமாட்டோம் அல்லவா? அதே மாதிரி ஒவ்வொரு அமுக்குக்கும் போனே ஒரு அடையாளம் வைக்கும்படி செய்தேன். அதே அடையாளத்தோடு எத்தனை தடவை கேட்டாலும் முதலில் கொடுத்த டோக்கனையே சர்வர் திருப்பிக் கொடுக்கும்.

சனிக்கிழமை டாக்டரிடம் வாயால் விளக்கவில்லை. பழைய ஆப்பை அவர் கையில் கொடுத்து, அமுக்கிவிட்டு உடனே விமானத்தைப் போட்டு எடுக்கச் சொன்னேன். கிளினிக் கட்டடத்தின் பின்னறையில் சிக்னல் மோசம், அது நல்லதாகப் போயிற்று. மேசையில் மணி இரண்டு தடவை அடித்தது. புது ஆப்பில் அதையே செய்யச் சொன்னேன். ஒரு தடவை அடித்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லையோ என்னவோ, திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். பிறகு மதினியிடம், ஆள் வராத டோக்கனில் வேறு பிள்ளையை அனுப்பினாயே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்.

“பிள்ளை கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு டாக்டர். இடம் சும்மாதான கெடந்துச்சு” என்றாள் மதினி.

அவர் எழுந்து ஹாலுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மதினியைக் காட்டி, இந்தப் பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு ஆப்பில் இருந்தது, நான் விசாரிக்காமல் பேசிவிட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மதினி தலையைக் குனிந்துகொண்டு மேசை மேல் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

நான் கிளம்பும்போது டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

“இனிமே ஒரு டோக்கன்கூட சும்மா கெடக்காது, என்னம்மா?”

கிடக்காது டாக்டர் என்றேன், பெருமையாக.

“அப்ப தெனமும் ஒண்ண நீயே சும்மா விட்டு வையி. ஆப்ல யாருக்கும் போகக் கூடாது. அது உங்க மதினி கையில இருக்கட்டும். யாருக்குன்னு அவளே பாத்துக்கிடட்டும்.”

அன்று மத்தியானமே எழுதிக் கொடுத்தேன். இரட்டை விழாமல் தடுக்க ஒரு வாரம் தலையால் தண்ணீர் குடித்த நான், ஆளில்லாத டோக்கன் ஒன்றை வேண்டுமென்றே உண்டாக்க அரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் மதினி போன் செய்தாள். பின்னால் ஏதோ ஒரு பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. எப்படி இருக்கிறது மதினி, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டேன்.

“அதெல்லாம் நல்லா ஓடுதுட்டி. அந்த ஒத்த டோக்கன் மட்டும் பத்தாது. டாக்டர்ட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாவ” என்றாள். “செத்த ரெண்டாக்கித் தா.”