வெள்ளாற்று வேங்கையின் வாயும் கையும்

வெள்ளாற்று வேங்கை என்கிற பலே திருடன், கோட்டை வாசலில் நின்று தன் பெயரை ஊருக்கே கேட்கும்படி சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்தில் சின்னையனுக்கு அவர் மனைவி புஷ்பவள்ளி சோறு போடவில்லை. "போயி அந்தக் கோட்டையிலயே துன்னுங்க" என்று சொல்லிவிட்டுச் சமையற்கட்டு விளக்கை அணைத்துவிட்டாள்.

வேங்கையும் கற்பனை, கோட்டையும் கற்பனை. பசி மட்டும் நிஜம்.

சின்னையன் லேசுப்பட்ட ஆள் இல்லை. குமராட்சிப் பக்கம் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். கொள்ளிடத்து வெள்ளம் வீட்டு மாடுகளை அடித்துக்கொண்டு போன வருஷம் சேத்தியாத்தோப்புச் சந்தைக்கு வந்து, அடுத்தவன் மாட்டுக்குக் கயிறு பிடித்தார். பிடித்த கை சும்மா இருக்குமா? நாலைந்து வருஷத்தில் அதே சந்தையில் தரகர் ஆனார். மாட்டின் பல்லைக்கூடப் பார்க்க வேண்டாம், அது நடந்து வருகிற சத்தத்திலேயே வயசு சொல்லிவிடுவார் என்று அவருக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைக் கிளப்பிவிட்டதும் அவரேதான். அதனால் என்ன? பொய் என்று நிரூபித்தவன் ஒருத்தனும் இல்லை. அந்தத் தரகில் சிதம்பரத்தில் மாடி வீடு எழும்பியது. மகன் படித்துக் கப்பலில் இன்ஜினியர் ஆனான். வருஷத்தில் பாதி அவனுக்குக் கடலில் போய்விடும்.

மருமகள் கயல்விழிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அவள்தான் இந்த விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தவள். விளையாட்டு என்றால் பலகை, காய் எல்லாம் கிடையாது. ஆளுக்கு ஒரு கற்பனை மனிதர். கயல்விழி கதை சொல்லிக்கொண்டே வருவாள். "எதிர்ல ஒரு பாலம், நடுவுல பூதம் படுத்திருக்கு. இன்னா பண்றீங்க?" என்று நிறுத்துவாள். அவரவர் ஆள் என்ன செய்கிறார் என்று அவரவர் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள பகடை முடிவு செய்யும். பெரிய எண் விழுந்தால் பூதம் ஓடும், சின்ன எண் விழுந்தால் நாம் ஓட வேண்டும்.

முதலில் சேர்ந்தது மாமியார் புஷ்பவள்ளிதான். அவள் உண்டாக்கிய ஆள் கொற்றி, ஒரு வில்லாளி. அடுத்தது புஷ்பவள்ளியின் தம்பி இளவரசு. கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் செல்போன் கடை வைத்திருக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து மந்திரவாதி ஆகிவிடுவான். ஒன்றரை வருஷமாக ஆட்டம் நடந்தது. சின்னையன் ஹாலில் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு இவர்களைக் கேலி செய்வார். ஆனால் கொற்றி ஒற்றைக்கண் ஓநாயை அடித்து வீழ்த்திய அன்றைக்கு அவர் டி.வி.யை அணைத்துவிட்டுத்தான் கேட்டார்.

அடுத்து பிடிக்க வேண்டியது ஒரு மலைக்கோட்டை. உள்ளே நுழைய ஒரு திருடன் தேவைப்பட்டான்.

"திருடன் வேஷத்துக்கு நான் வரேன்" என்றார் சின்னையன்.

கயல்விழி ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். "பேரு இன்னா மாமா?"

"வெள்ளாற்று வேங்கை."

"எதுல கெட்டிக்காரன்?"

"எதுல இல்லன்னு கேளு."

"எதுக்குப் பயப்படுவான்?"

"அவனப் பாத்து மத்தவன் பயப்படணும்."

"சரி, எப்படித் திருடன் ஆனான்? சின்ன வயசுல இன்னா நடந்துச்சு?"

"பொறக்கும்போதே திருடன். தொப்புள்கொடி அறுக்க வந்த கத்தியையே காணோமே!"

இளவரசு விழுந்து விழுந்து சிரித்தான். கயல்விழி சிரிக்கவில்லை. "மாமா, இது ஆளு இல்ல. கட்அவுட்."

"கட்அவுட்டுக்குத்தாம்மா பாலு ஊத்துறாங்க" என்றார் சின்னையன்.

ஆட்டம் தொடங்கியது. கோட்டைச் சுவரின் அடியில் ஒரு சாக்கடை வழி இருக்கிறது, இருட்டில் ஓர் ஆள் ஊர்ந்து போகலாம் என்று கயல்விழி சொன்னாள். "சாக்கடையில நொழையவா வெள்ளாற்று வேங்கை வந்தான்?" என்று கேட்டுவிட்டு, நேராக முன்வாசலுக்குப் போனார் சின்னையன். "டேய்! வேங்கை வந்திருக்கான். கதவத் தொற!"

கதவு திறந்தது. உள்ளே முந்நூறு பேர் இருந்தார்கள். வேங்கையைப் பிடித்த கையோடு, புதரில் பதுங்கியிருந்த கொற்றியையும் மந்திரவாதியையும் இழுத்துப் போனார்கள்.

"விடிஞ்சா மூணு பேருக்கும் தூக்கு" என்று பகடையை டப்பாவில் போட்டு மூடினாள் கயல்விழி. "மீதி அடுத்த ஞாயித்துக்கிழம."

புஷ்பவள்ளி பதறிப்போனாள். "கயலு, என் கொற்றி?"

"தப்பிக்கலன்னா அவளும் போயிடுவா அத்தே. செத்தா செத்ததுதான். நான் தயவு பாத்தேன்னா அப்புறம் இது ஆட்டமாவே இருக்காது."

புஷ்பவள்ளி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "நாப்பது வருஷமா இன்னார் பொண்டாட்டின்னுதான் என்னை ஊருக்குத் தெரியும். எனக்குன்னு ஒருத்தி இருந்தா, அது கொற்றிதான். அவளயும் உங்க வாயி முழுங்கிடுச்சு."

அன்றிரவு விளக்கை அணைத்ததோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள். மறுநாளிலிருந்து சோறு வந்தது, காபி வந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. சின்னையன் சந்தையில் எத்தனையோ பேருடைய ஏச்சை வாங்கிச் சிரித்தவர். இந்த மௌனத்துக்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வேண்டுமென்றே ஒரு தட்டைக் கீழே போட்டுப் பார்த்தார். அவள் வந்தாள், எடுத்தாள், போனாள்.

கொற்றியைக் காப்பாற்றியே ஆக வேண்டும். அதற்கு வழி கேட்டால் கயல்விழி ஒரே பதிலைச் சொன்னாள். "மொதல்ல வேங்கைய ஒரு ஆளாக்குங்க மாமா. அவன் சுபாவத்துக்கு ஒத்த வேலைய அவன் செஞ்சான்னா ரெண்டு தடவ பகடை உருட்டி, பெரிய நம்பர எடுத்துக்கலாம். சுபாவமே இல்லாதவனுக்கு நான் இன்னா தரது?"

சின்னையன் யோசித்து யோசித்துக் கதை கொண்டுவந்தார். குழந்தையில் ஆற்றில் விடப்பட்ட ராஜகுமாரன் என்றார். நாகம் வளர்த்த பிள்ளை என்றார். பிரிந்துபோன இரட்டைப் பிறவி என்றார்.

"இதெல்லாம் சீரியல்ல பாத்தாச்சு மாமா" என்று ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் அவளே ஒரு கேள்வி கேட்டாள். "சண்டை இல்ல, கூட்டம் இல்ல. வேங்கை தனியா உக்காந்திருக்கான். அப்ப எப்படி இருப்பான்?"

சின்னையன் தலையைத் திருப்பினார். சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் கேட்டது, ஆள் சத்தம் இல்லை.

"பயப்படுவான்" என்றார்.

கயல்விழி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எதுக்கு?"

"பேச்சு சத்தமே இல்லன்னா பயந்துடுவான். சின்னதுல அவனுக்குக் கீச்சுக்குரல்மா. பூதங்க கூடுற சந்தை ஒண்ணு, அங்க கெடந்தான். பசிக்குதுன்னு சொல்லுவான், யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஒருநாளு இருக்குற மூச்செல்லாம் கூட்டி, 'அய்யோ, ரெண்டு தலக் கன்னுக்குட்டி!'ன்னு ஒரு பொய்யக் கத்துனான். மொத்தச் சந்தையும் அவன் வாயப் பாத்துச்சு. அந்நேரத்துக்கு இவன் கை தானாப் போயி அதிரசக் கூடையில வுழுந்துச்சு. அன்னியிலருந்து வாயி ஊருக்கு, கை அவனுக்கு."

சமையற்கட்டிலிருந்து குரல் வந்தது. நாலு நாளைக்குப் பிறகு வந்த முதல் குரல்.

"அப்ப கோட்ட வாசல்ல கத்துனானே, அந்நேரம் அவன் கை இன்னா பண்ணுச்சாம்?"

புஷ்பவள்ளி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஒண்ணும் பண்ணல. அதான் தப்பு. கயலு, உங்க மாமா எங்கப்பா ஊட்டுக்கு மொதல்ல மாடு பேச வந்தாரு. வண்டி மாடு ஜோடி. வந்ததும் வராததுமா ஒரே பீத்தல். அந்த ராஜா மாட்ட நான்தான் பேசி முடிச்சேன், இந்த ஜமீன் எனக்குத்தான் ஆள் உடுவாருன்னு. தெருவே கூடி அவரு வாயப் பாத்துச்சு. நான் மட்டும் துண்டப் பாத்தேன்."

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இல்லை. தரகர் தன் கையின் மேலும் எதிராளி கையின் மேலும் துண்டைப் போட்டு மூடுவார். உள்ளே இத்தனை விரல் பிடித்தால் இத்தனை என்று கணக்கு. மேலே வாய் மழையைப் பேசும், அரசியலைப் பேசும். வியாபாரம் துண்டுக்குள் முடிந்துபோகும். புஷ்பவள்ளியின் அப்பா சந்தைக்குப் போகும் முன்னால் மகள் கையைப் பிடித்துத்தான் ஒத்திகை பார்ப்பார். அந்த வீட்டில் அவளுக்குத் தெரியாத விரல் கிடையாது.

"அந்தத் துண்டு ஆடுன தினுசப் பாத்துதான், இந்த ஆளுக்கு வாயிக்கு மேல வேற இன்னாவோ இருக்குன்னு தெரிஞ்சுது" என்றாள் புஷ்பவள்ளி. "அத வேங்கைக்குக் குடுங்க. எங்கிட்ட பேச வராதீங்க. கொற்றி இன்னும் ஜெயில்லதான் இருக்கா."

ஞாயிற்றுக்கிழமை வந்த இளவரசு, செருப்பைக் கழற்றும்போதே கையெடுத்துக் கும்பிட்டான். "மாமா, இன்னிக்கி ஒரு நாளு வாயத் தொறக்காதீங்க. புண்ணியமாப் போவும்."

"நீ தொறக்காம இருக்கியான்னு பாக்கலாம் மச்சான்" என்றார் சின்னையன்.

கயல்விழி கதையைத் தொடங்கினாள். கோட்டை முற்றம். மூவருக்கும் கையில் சங்கிலி. எதிரே ஏழு காவலாளிகள் வரிசையாக நிற்கிறார்கள். விடியப் போகிறது. "இங்க ஒரு விஷயம். மேஜையில நீங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் காவலாளி காதுல வுழும்."

இளவரசு குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நான் பொகை மந்திரம் போடறேன், நீ..."

"கேட்டுட்டான்" என்றாள் கயல்விழி. "மந்திரவாதி வாயில துணிய வச்சு அடச்சுட்டாங்க. சித்தப்பா இனிமே பேசக் கூடாது."

இளவரசு வாயைப் பொத்திக்கொண்டான். இப்போது எல்லாமே சின்னையன் கையில் இருந்தது.

"வேங்கை சுத்திப் பாக்குறான். சாவி யாருகிட்ட இருக்குன்னு" என்று பகடையை உருட்டினார். பத்தொன்பது! கயல்விழி எழுந்து வந்து அவர் காதில் மட்டும் சொன்னாள். சாவி நாலாவது காவலாளி கழுத்தில், தாடிக்குள் ஒரு நூலில் தொங்குகிறது. இவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று காவலாளிகள் அறிந்தால் சாவி அகழிக்குள் போய்விடும். கொற்றியின் கொண்டைக்குள் ஒரே ஒரு அம்புமுனை ஒளிந்திருக்கிறது. எறிய ஒரே வாய்ப்பு. யார் மேல், எங்கே என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் சொல்ல முடியாது.

சின்னையன் மனைவியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, மேஜைமேல் இருந்த அவள் கைமேலும் தன் கைமேலும் வீசினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தூக்கா? யாருக்குடா தூக்கு? எந்த ஊர்லடா திரிச்சீங்க இந்தக் கயிற? இந்தக் கழுத்தப் பாத்தீங்களா?" இன்னொரு கையால் தன் கழுத்தை நன்றாகத் தடவிக் காட்டினார். "ஏழு தேசத்து ராஜா மாலை போட்ட கழுத்துடா! என்னைத் தூக்குல போடணும்னா மரம் பத்தாது. மலையக் கொண்டா!"

துண்டுக்குள் அவர் கை புஷ்பவள்ளியின் நாலு விரலை இறுக்கிப் பிடித்தது.

கயல்விழி துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "இது வேங்கையோட சுபாவம்தான். ரெண்டு தடவ உருட்டுங்க. காவலாளிங்க மயங்குறாங்களா பாப்போம்."

முதலில் விழுந்தது மூன்று. இளவரசு தலையில் கைவைத்தான். இரண்டாவது பதினாறு.

"ஏழு பேரும் வாயப் பொளந்து வேங்கையவே பாக்குறாங்க" என்றாள் கயல்விழி.

துண்டுக்குள் புஷ்பவள்ளியின் கை அவர் கையை ஒருமுறை அழுத்திவிட்டு வெளியே வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கொற்றி கொண்டையில கை வெக்கிறா. நாலாவது காவலாளி. கழுத்து. ஆளக் கொல்ல இல்ல, கழுத்துல இன்னா இருக்கோ அத அறுக்க."

பகடை மேஜை முழுக்க ஓடி, மிக்சர் தட்டில் முட்டி நின்றது. பதினெட்டு.

நூல் அறுந்தது. சாவி விழுந்தது. வேங்கை அதைக் கால்விரல்களில் இடுக்கிக்கொண்டான். சங்கிலி கழன்றது. துணியைத் துப்பிய மந்திரவாதி, அதுவரை அடக்கி வைத்திருந்த புகையையெல்லாம் ஒரே மூச்சில் விட்டான். இளவரசு நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டான். காபி நேரத்துக்குள் கோட்டைத் தளபதி தன் கொடிக்கம்பத்திலேயே தலைகீழாகத் தொங்கினான்.

"கோட்டையப் புடிச்சாச்சு" என்று அறிவித்தாள் கயல்விழி. "யாருக்குச் சொந்தம்?"

இளவரசு அக்காவைப் பார்த்தான். சின்னையன் யாரையும் பார்க்கவில்லை, பதில் மட்டும் சொன்னார். "கொற்றிக்கு. வேற யாருக்கு?"

புஷ்பவள்ளி போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய், சேத்தியாத்தோப்பில் இருக்கிற தங்கச்சி மங்கலத்தைக் கூப்பிட்டாள். "அடியே, கோட்டை எனக்குத்தான்! நூலத்தான் அறுத்தேன், அவன் தோல்ல ஒரு கீறல் இல்ல... உங்க மாமாவா? அவரு வழக்கம்போல பேசிக்கினு இருந்தாரு."

"பதினெட்டுன்னு சொல்லு புஷ்பா! நம்பரச் சொல்லு!" என்று ஹாலிலிருந்து கத்தினார் சின்னையன்.

"சொல்லிட்டேங்க, ரெண்டு தடவ சொல்லிட்டேன்!" என்று பதில் வந்தது.

அவருக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்குப் போனார். தெருவில் சைக்கிளில் வந்த பால்காரரைக் கைகாட்டி நிறுத்தினார்.

"எங்க வூட்டம்மா கோட்டை புடிச்சிருக்கா, தெரியுமா?"

பால்காரர் காலை ஊன்றிக்கொண்டார். "அப்படியா! எந்த ஊர்ல அண்ணே?"

"எந்த ஊரா இருந்தா இன்னாய்யா?" என்றார் சின்னையன். "புடிச்சாளா இல்லியா, அதக் கேளு!"