ஆராய்ச்சிக்காரரின் ஜீப்

ஐம்பதுகளின் நடுவில், பி.ஏ. முடித்துவிட்டுச் செங்கல்பட்டில் வெட்டியாகத் திரிந்துகொண்டிருந்த என்னை ஒரு சமூகவியல் பேராசிரியர் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். கடலோரத்து ஜனங்களின் மதத்துக்கும் ஆரோக்கியத்துக்கும் நடத்தைக்கும் என்ன சம்பந்தம் என்று கண்டுபிடிக்கப் புறப்பட்ட மகானுபாவர். மெட்ராஸில் பிறந்தவர்தான். தமிழ் நன்றாகத் தெரியும், சமையல்காரனைத் திட்டுகிற அளவுக்கு. ஆனால் ஜனங்களோடு பேச மட்டும் இங்கிலீஷ். நடுவில் மொழிபெயர்க்க நான்.

கோவளத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். முதல் வாரமே அவருக்குப் புல்லரித்துவிட்டது. அடிக்கடி கும்பிடப் போகிற வீடுகளில்தான் நோய் அதிகமாம்! "பார்த்தாயா, பக்தி உடம்பைக் கெடுக்கிறது" என்றார். நோய் வந்ததால்தானே ஐயா கும்பிடப் போகிறார்கள் என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் வேலை போய்விடும். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

ஒரு வியாழக்கிழமை, மீன் விற்கிற ஒருத்தியின் குடிசைக்குப் போனோம். அவளுடைய நாலு வயசுப் பெண் பாயில் கிடந்தது. மூணு நாளாக வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய், உதடு வெடித்திருந்தது. கழுத்தில் தர்காவில் கட்டிய தாயத்து, நெற்றியில் மாரியம்மன் கோயில் திருநீறு, தலைமாட்டில் மாதா கோயில் எண்ணெய். பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். ஒரே வீட்டில் மூணு மதம் கிடைத்தால் சும்மாவா!

அவள் பார்வையோ வாசலில் நின்ற எங்கள் ஜீப்பின் மேலேயே இருந்தது. "அண்ணாத்த, பஸ்ஸு காலைலயே பூட்ச்சு. கொயந்தைய செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவச் சொல்லு அண்ணாத்த."

சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ஆராய்ச்சி செய்கிறவன் எதிலும் தலையிடக்கூடாது, தலையிட்டால் முடிவு கெட்டுவிடும் என்றார். அடப்பாவி மனுஷா! டிரைவர் வெளியே பீடி பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். நான் மட்டும் என்ன யோக்கியன்? அந்தப் பதிலை அப்படியே அவளிடம் சொல்லத் துப்பில்லாமல், "மொதல்ல கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று புளுகினேன்.

அதை நம்பி, ஈரத்துணியால் குழந்தையின் உதட்டைத் துடைத்துக்கொண்டே, எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். வாரம் எத்தனை முறை கும்பிடுகிறாய், பல் எதனால் தேய்க்கிறாய், எல்லாவற்றுக்கும். கடைசிக் கேள்வி: நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஏன் முதலில் கும்பிடப் போகிறாய்?

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா கேள்வி இது? சாமிங்கல்லாம் நடந்து போற தூரத்துல கீது. ஆஸ்பத்திரி கீதா?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. பக்தி, அறியாமை, பெரியவர்கள் சொல், அவ்வளவுதான். "அறியாமை" என்றார். நானும் டிக் அடித்தேன். ஜீப்பில் ஏறிச் சாப்பிடப் போனோம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடி வந்தாள்.

விட்டுப்போன கைநாட்டு வாங்க அடுத்த வாரம் மறுபடியும் போனோம். குழந்தை இல்லை. அவள் கட்டைவிரலை நீட்டினாள். பேராசிரியர் படிவத்தை எட்டிப் பார்த்து, குடும்பத்தில் எத்தனை பேர் என்ற இடத்தைத் திருத்தச் சொன்னார். ஐந்தை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினேன்.

"உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது" என்றார்.