லேமினேட் ஆன நீர்வர்ணம்

துறைமுகத்தை நீர்வர்ணத்தில் வரைந்து முடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கையால் வரைந்த மூலப்படங்களை மட்டுமே எடுக்கும் கண்காட்சி ஒன்றுக்கு அதை நாளை கொடுக்க வேண்டும்.

கொடுப்பதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்து வைக்கலாமென்று, இன்று போட்டோகொப்பிக் கடையில் விட்டுவிட்டு வங்கிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது படம் பளபளத்தது.

"லேமினேட்டும் பண்ணிட்டன் தங்கச்சி. இனித் தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகாது," என்றார் கடைக்கார நானா. "பாருங்க, கொம்பியூட்டர்ல கீறின மாதிரியே இருக்கு! இதுக்குக் காசு வேணாம்."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "நன்றி நானா" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தேன். வானம் பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்தது.

"அப்பவே டேப்லெட்ல கீறச் சொன்னனான்தானே" என்று இந்தப் பதிவின் கீழே எழுதப் போகிறவர்கள் எழுதிவிடுங்கள்.