ஒண்ணு இல்லாத கடை

போன சனிக்கிழமை சண்டை போடுவதற்கென்றே தேக்கா கடைத்தெருவுக்குப் பஸ் ஏறினேன். சண்டை என்றால் அடிதடி இல்லை... பேரம்தான்!

என் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். வருகிறவர்களுக்குத் தேங்காய், வெற்றிலை பாக்குப் போட்டுக் கொடுக்க இருநூறு தாம்பூலப் பை வேண்டும். பிளாஸ்டிக் பை மலிவு. மணமக்கள் பெயரைக்கூடப் பளபளவென்று அச்சடித்துத் தருகிறார்கள். என் மனைவி கேட்டால்தானே?

"அமலி அக்காகிட்ட துணிப் பைதான். போய்ச் சொல்லிட்டு வாங்க. அங்கே போயும் பேரம் பேசி மானத்தை வாங்காதீங்க" என்றாள். பேரம் பேசாமல் நான் கத்தரிக்காய்கூட வாங்கியதில்லை. என்னிடமா இந்தக் கதை?

அமலி அக்கா யார் என்று சொல்லிவிடுகிறேன். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு கடையின் பின்னறையை வாடகைக்கு எடுத்து, இரண்டு தையல் மெஷின் போட்டுப் பை தைக்கிறார். ஒன்றில் அவர், இன்னொன்றில் ஆ மோய் என்ற சீனப் பெண். துணி? அக்கம்பக்கத்துத் தையல் கடைகளில் ரவிக்கையும் பாவாடையும் வெட்டியது போகக் குப்பைக்குப் போகிற துண்டுகள். "என் பையைத் தூக்கிட்டு நீங்க பல வருஷம் மார்க்கெட் போகலாம். பிளாஸ்டிக் பை ஒரு மழைக்கே சாக்கடையை அடைச்சிடும்" என்பார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பைகளைப் பத்துப் பத்தாக எண்ணிக் கட்டுவார்கள். அரிசி அளக்கிறவர்கள் 'ஒன்று' என்று தொடங்காமல் 'லாபம்' என்று தொடங்குவார்களே, அதே மாதிரி... லாபம், ரெண்டு, மூணு! அந்த 'லாபம்' பை விற்ற காசு அப்படியே ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்விடும். அங்கே இருப்பவர்கள் ஒற்றை ஆளாகக் கப்பலேறி வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, கல்யாணம் காட்சி எதையும் காணாமலே கிழவர்களானவர்கள்.

நான் போனபோது எனக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தேக்காவில் இரண்டு கடை வைத்திருப்பவர். பெயர் வேண்டாம்.

"நீ தைக்கிறது அத்தனையும் மாசாமாசம் நானே எடுத்துக்கிறேன் தங்கச்சி. ஆனா இந்த இல்லம் கில்லம்லாம் வேணாம். பத்துல ஒண்ணு சும்மாதானே போகுது? அதை எனக்கு விலையில கொறச்சிடு."

எனக்குச் சுருக்கென்றது. ஏன் தெரியுமா? பஸ்ஸில் வரும்போது நான் தயார் செய்துகொண்டு வந்த வசனமே அதுதான்!

அமலி அக்கா கையிலிருந்த பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிலைமை எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் வந்ததிலிருந்து வாடிக்கைக் கடைகள் பல கழன்றுவிட்டன. இப்படியே போனால் ஒரு மெஷினை விற்றுவிட்டு ஆ மோயையும் அனுப்ப வேண்டியதுதான் என்று என் மனைவியிடம் அழுதிருக்கிறார். இந்த ஆர்டர் கிடைத்தால் அந்தக் கவலை விட்டது.

"என்ன யோசனை? பத்துல ஒண்ணுதானே!" என்றார் கடைக்காரர்.

ஆ மோய் மெஷினை நிறுத்தினாள். அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் பை எண்ணிக் கற்றுக்கொண்டதுதான்.

"ஒண்ணு? மானா ஆடா ஒண்ணு?" ஒண்ணு எங்கே இருக்கிறது என்று மலாயில் கேட்டாள். விரலை நீட்டி எண்ணியும் காட்டினாள். "லாபம், ரெண்டு, மூணு லா!"

தமிழில் முதல் எண்ணே 'லாபம்'தான் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம்!

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அமலி அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"கேட்டீங்களாண்ணே? இந்தக் கடையில ஒண்ணுங்கிறதே கெடையாது. இல்லாததை எப்படிக் கொறைக்கிறது?"

"வெளையாடாத. இன்னிக்கு விட்டா நான் பிளாஸ்டிக்குக்குப் போயிடுவேன்."

"வெளையாடலண்ணே. கொறைக்கணும்னா என் கூலியில கொஞ்சம் கொறைக்கிறேன். அந்த 'லாபம்' பை இல்லத்துப் பெரியவங்களோடது. அதுல கை வைக்க மாட்டேன்."

"உன் கூலியில கொறைச்சு எத்தனை மாசம் தாங்குவ?" என்று கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை. வியாபாரி, அவ்வளவுதான்.

அமலி அக்கா ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். பிறகு ஊசியைக் கீழே வைத்தார். "பயமாத்தான் இருக்கு" என்றார் என்னிடம். "ஆனா அந்தப் பெரியவங்க முன்னாடி போய், இனிமே ஒண்ணும் கொண்டு வரமாட்டேன்னு சொல்ற வாய் எனக்கு இல்லண்ணே."

சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு கூடைகளில் பைகளை அடைத்தார். ஒன்றை ஆ மோயிடம் கொடுத்தார். "இந்த ரோட்ல இருக்கிற அத்தனை கடையும் இன்னிக்கு ஏறி எறங்கறேன். எவன் வேணாம்னு சொல்றான்னு பார்க்கிறேன்!"

நாமும் தர்மம் செய்கிறோம்... எதிலிருந்து? எல்லாச் செலவும் போக மிஞ்சியதிலிருந்துதானே? இந்த அம்மாள் மிச்சத் துணியில் பை தைக்கிறார். தர்மத்தை மட்டும் முதலில் எடுத்து வைக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒளிப்பானேன்?

"உங்களுக்கு எத்தனை பைண்ணே?"

"முந்நூறு" என்றேன்.

கல்யாணத்துக்கு அழைத்திருப்பது இருநூறு பேரைத்தான். அந்த நூறு பைக்கு ஆள் எங்கே என்று பைகள் வீடு வந்து சேர்ந்ததும் மனைவி கேட்கப் போகிறாள்... வாசகர்களே, தை மாதம் உங்களுக்கு வேறு ஜோலி ஒன்றும் இல்லையே?